எண்ணிப் பார்க்கப் போனவர்கள்

(மேட்டூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறார்கள் தொழிலாளத் தோழர்கள்; கடைசி வரிசையில் கதவோரம் இடம் பிடித்திருக்கிறார்கள் மாணவச் செல்வங்கள். கதவோரம் உட்கார்ந்தவர்கள் எதற்காக அங்கே உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் வகுப்பெடுத்தவன் நான். போரடித்தால் போய்விடலாம், தடையில்லை.

மேட்டூர்க்காரர்களிடம் அணையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணை. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இதெல்லாம் இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கோடையில் தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் என்ன நடக்கிறது? தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பழைய நந்தி எழுந்து வருகிறது. ஒரு தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் எழுந்து வருகிறது. டிவிக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஜனங்கள் பரிசலில் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மழை வருகிறது, தண்ணீர் ஏறுகிறது, எல்லாவற்றையும் மறந்துவிடுகிறோம்.

என் அம்மாயி அப்படி முழுகிப்போன ஊர் ஒன்றில் பிறந்தவர். அணைக்கரைக்கு அழைத்துப் போனால் பூங்காவைப் பார்க்க மாட்டார், மதகைப் பார்க்க மாட்டார். தண்ணீரைக் கையால் காட்டி, "அங்கதான் சாமி எங்க களத்துமேடு இருந்துது" என்பார். அவ்வளவுதான். வேறு புலம்பல் கிடையாது. அணை கட்டியவர்கள் கணக்குப் போடாமலா கட்டினார்கள்? எத்தனை ஏக்கர் பாயும், எத்தனை மூட்டை விளையும், எவ்வளவு வரி வரும், எல்லாம் போட்டார்கள். நல்ல கணக்கு. தஞ்சாவூர் சோறு தின்றது, நானும் தின்றேன். ஆனால் என் அம்மாயியின் களத்துமேட்டை எந்த நோட்டில் எழுதினார்கள்?

அந்தக் கேள்வியோடுதான் இன்றைய தலைப்புக்கு வருகிறேன். நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள்: கிறிஸ்தவப் பேராசிரியர்கள் பார்வையில் இன்றைய அரசியலும் பொருளாதாரமும். வரும் வழியில் டீக்கடையில் ஒருவர் நோட்டீஸைப் படித்துவிட்டுக் கேட்டார், "என்னங்க சார், சர்ச்சு ஓட்டு இந்தத் தடவை எந்தப் பக்கம்னு சொல்லப் போறீங்களா?" இல்லை ஐயா. அது எனக்குத் தெரியவும் தெரியாது. நான் கிறிஸ்தவனும் அல்லன். பிரதோஷத்துச் சுண்டலுக்காகக் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்த பிள்ளை. ஆனால் பொருளாதாரம் என்ற பாடத்தை எனக்குப் புரிய வைத்த புத்தகங்களை எழுதியவர்களில் நாலைந்து பேர் கிறிஸ்தவப் பேராசிரியர்கள். அது தற்செயலா? வெகுநாள் யோசித்தேன். தற்செயல் இல்லை என்றே எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதல் ஆள் நம்ம காவிரிக்காரர். ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்றால் யாருக்கும் தெரியாது. ஜே.சி. குமரப்பா என்றால் கொஞ்சம் பேருக்குத் தெரியும். 1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். அப்பா பொதுப்பணித் துறையில் உத்தியோகம். பிள்ளை லண்டன் போய்க் கணக்காளர் படிப்பு படித்தார். பம்பாயில் ஆபீஸ் போட்டார். கோட்டு, சூட்டு, டை. அப்படியே இருந்திருந்தால் கம்பெனிக் கணக்குகளில் கையெழுத்துப் போட்டுக் கௌரவமாக வாழ்ந்து முடித்திருப்பார்.

1927-ல் அமெரிக்கா போனார். அங்கே ஒரு தேவாலயத்தில் பேசக் கூப்பிட்டார்கள். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று பேசினார். பேச்சு பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர், இதையே ஆராய்ச்சியாகச் செய்யலாமே என்றார். பாருங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆய்வேடாக மாறியது! சொற்பொழிவு என்பது அவ்வளவு இளப்பமான சங்கதி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த ஆய்வில் அவர் செய்தது என்ன? பிரிட்டிஷ் சர்க்காரின் வரவுசெலவுக் கணக்கைப் பிரித்துப் போட்டார். வரி யாரிடமிருந்து வருகிறது, செலவு யாருக்குப் போகிறது? கொடுக்கிறவன் குடியானவன், தின்கிறது பட்டாளமும், பெரிய சம்பளமும், கடனுக்கு வட்டியும். கணக்காளர் கண் அது. வசனம் பேசவில்லை, பேரேட்டைத் திறந்து காட்டினார். 1929 மே மாதம் அதை எடுத்துக்கொண்டு சபர்மதிக்குப் போனார். காந்தி அதை 'யங் இந்தியா'வில் தொடராகப் போட்டார். போட்டதோடு விடவில்லை. குஜராத் வித்யாபீடத்துப் பேராசிரியராக, மாணவர்களோடு கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவுக்கு அனுப்பினார். போய் எண்ணிப் பார்!

போனார். ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்கள். மொழி தெரியாத ஊர். ஒவ்வொரு வீடாக, இவன் வீட்டில் எத்தனை மாடு, எவ்வளவு கடன், எவ்வளவு கிஸ்தி, மிச்சம் என்ன? கொலம்பியாவில் படித்தது ஒரு பொருளாதாரம். மாதர் தாலுகாவின் புழுதியில் படித்தது இன்னொன்று. இரண்டாவதுதான் அவரைக் குமரப்பா ஆக்கியது என்பேன்.

இந்த மனிதர் கணக்கில் எப்படிப்பட்ட கண்டிப்புக்காரர் என்பதற்கு ஒரு சம்பவம். 1934-ல் பீகாரில் பெரிய பூகம்பம். நிவாரண நிதிக்கு இவர் கணக்குப் பார்த்தார். தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு மூன்று அணா. அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. காந்தி தம் பரிவாரத்தோடு வந்தார். குமரப்பா என்ன சொன்னார் தெரியுமா? உங்கள் கூட்டத்துச் செலவை நிவாரண நிதி ஏற்காது என்று சொல்லிவிட்டார். காந்திக்கே சொன்னார்! இன்றைக்கு நம் ஊரில் வெள்ள நிவாரணத்தைப் பார்வையிட ஒரு கார் வந்தால் பின்னால் இருபது கார் வருகிறது. அந்த டீசல் எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று கேட்க ஒரு குமரப்பா இருக்கிறாரா?

இங்கே ஒரு கேள்வி வரும். இதெல்லாம் காந்தியம், இதில் கிறிஸ்தவம் எங்கே? அவரே பதில் சொல்லியிருக்கிறார். சிறையில் இருந்தபோது இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று 'நிலைத்த பொருளாதாரம்'. மற்றது இயேசுவின் நடைமுறையையும் போதனையையும் பற்றியது. ஒரே சிறை, ஒரே கை, ஒரே காகிதம். இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: அவருக்கு அவை இரண்டு விஷயங்களே அல்ல. அன்றன்றைய அப்பத்தைத் தா என்று தினமும் ஜெபிக்கிறவன், பக்கத்து வீட்டுக்காரனின் அன்றன்றைய அப்பம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டாமா? அவ்வளவுதான் அவருடைய இறையியல்.

அந்தப் பொருளாதாரப் புத்தகத்தில் ஒரு அழகான வகைப்பாடு உண்டு. எல்லாம் விலங்கும் பறவையும். புலி ஆட்டைக் கொன்று தின்கிறது. குரங்கு, தான் நடாத மாமரத்தில் ஏறிப் பழத்தைத் தின்கிறது. மரத்தைக் கொல்லவில்லை, ஆனால் மரத்துக்கு ஒன்றும் செய்யவுமில்லை. தேனீ தேனை எடுக்கிறது, எடுக்கும்போதே பூவைச் சூல்கொள்ளச் செய்கிறது. அதே தேனீ தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கூட்டுக்காக உழைப்பது அதற்கு அடுத்த படி. எல்லாவற்றுக்கும் மேலே தாய்ப்பறவை. கூலி எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. நாடுகளையும் கம்பெனிகளையும் இந்த ஐந்தில் எதில் வைப்பீர்கள் என்று கேட்கிறார். நான் உங்களைக் கேட்கிறேன்: மேட்டூரில் அலுமினியம் காய்ச்சினோம், ரசாயனம் செய்தோம், நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறோம். ஆற்றிலிருந்து நாம் எடுத்ததில் எவ்வளவு புலிக்கணக்கு, எவ்வளவு குரங்குக்கணக்கு, எவ்வளவு தேனீக்கணக்கு? சம்பளம் வாங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம், மறுக்கவில்லை. ஆனால் கிணற்றுத் தண்ணீரைச் சேர்த்துத்தான் கணக்கை முடிக்க வேண்டும்.

தம் சொந்தச் சபையையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1930-ல் உப்புச் சத்தியாகிரகம் நடந்தபோது ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமைப் பேராயர் வெஸ்ட்காட் அரசாங்கத்தின் பக்கம் பேசினார். குமரப்பா அவருக்கே கடிதம் எழுதினார். தடியடி வாங்குகிறவன் பக்கம் நில்லாத கிறிஸ்தவம் யாருடைய கிறிஸ்தவம் என்பதுதான் அதன் சாரம். சிறைக்கும் போனார். சுதந்திரம் வந்த பிறகு காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார். 1949-ல் அறிக்கை வந்தது. உழுகிறவனுக்கு நிலம் வேண்டும், நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்றது. அறிக்கை அலமாரிக்குப் போனது. குமரப்பா மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தார். 1960-ல் காலமானார். தேதி ஜனவரி 30. காந்தி போன அதே தேதி.

குமரப்பாவிடம் நெடுநேரம் நின்றுவிட்டேன். பரவாயில்லை, நிற்கத் தகுந்த இடம். அடுத்தவரிடம் வருகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் ஸ்லேட்டர் என்று ஒரு ஆங்கிலேயப் பேராசிரியர். 1916-ல் தம் மாணவர்களிடம், உங்கள் ஊருக்குப் போய் எண்ணிக்கொண்டு வாருங்கள் என்றார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி. இந்த ஊர்களின் பெயரை இன்றைக்கும் உலகத்துப் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் உச்சரிக்கிறார்கள். அதற்குக் காரணம் ஸ்லேட்டர் மட்டுமல்ல. இருபது வருஷம் கழித்து, பி.ஜே. தாமஸ் என்ற கேரளத்து சிரியன் கிறிஸ்தவப் பேராசிரியர், கே.சி. ராமகிருஷ்ணனோடு சேர்ந்து அதே ஊர்களை மறுபடியும் எண்ண வைத்தார். 1936-37-ல் நடந்த மறு ஆய்வு 1940-ல் புத்தகமாக வந்தது.

மறுபடியும் எண்ணுவதில் என்ன பெருமை? இருக்கிறது. ஒருமுறை எண்ணினால் நிலவரம் தெரியும். இரண்டாம் முறை எண்ணினால் திசை தெரியும். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? கடன் கூடியதா, குறைந்ததா? யார் ஊரைவிட்டுப் போனார்கள்? அந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் 1934-ல் நம் அணை திறந்தது. பாலக்குறிச்சியோ அப்போதைய தஞ்சாவூர் ஜில்லா. அங்கேயும் ஒரு கணக்கு நோட்டு இருந்தது, இருபது வருஷம் கழித்து அதைத் திறந்து பார்க்க ஒரு பேராசிரியரும் இருந்தார். முழுகிய ஊர்களுக்கு ஒரு ஸ்லேட்டரும் போகவில்லை, ஒரு தாமஸும் போகவில்லை. என் அம்மாயியின் ஊரை இரண்டாம் முறை எண்ண முடியாது. முதல் முறையே யாரும் எண்ணவில்லை.

இருவேல்பட்டுக்கு 1981-லும் போனார்கள், 2008-லும் போனார்கள். 1981-ல் போனவர்கள் மெட்ராஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்துக்காரர்கள். அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் மால்கம் ஆதிசேஷையா. 1910-ல் வேலூரில் பிறந்தவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவர், யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக உலகம் சுற்றியவர். ஓய்வு பெற்று வந்ததும் 1971-ல் மனைவி எலிசபெத்தோடு சேர்ந்து சென்னை அடையாற்றில் அந்த நிறுவனத்தை ஏற்படுத்தினார். பாரிஸில், யுனெஸ்கோ தலைமையகத்தில் இருந்து வந்த மனிதர் தமிழ்நாட்டுக் கிராமத்துக் கூலியைப் பற்றி ஆராய இடம் கொடுத்தார் என்பது போதும். அவரைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

ஏனென்றால் எனக்கு சி.டி. குரியனிடம் போக அவசரம். கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர், பிறகு அதே ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் படித்துவிட்டு வந்து, அங்கே கற்ற பாடத்தையே சந்தேகப்பட்டவர். 2024-ல் தொண்ணூறைத் தாண்டிய வயதில் மறைந்தார். அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டது ஒரே கேள்வி. உற்பத்தி கூடினால் வறுமை போகும் என்கிறீர்களே, யாருக்காக உற்பத்தி?

இதை நாமக்கல்லில் வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். நாமக்கல்லில் ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கில் முட்டை. காலையில் விலை நிர்ணயம், லாரியில் ஏற்றம், கேரளாவுக்குப் போகிறது, கப்பலேறி வளைகுடாவுக்குப் போகிறது. ஏன் போகிறது? அங்கே காசு இருக்கிறது. அதே கோழிப்பண்ணையில் எரு அள்ளுகிற பெண்ணின் வீட்டுக் குழந்தைக்கு முட்டை வேண்டும். அதற்கும் பசிதான். ஆனால் சந்தைக்குப் பசியின் பாஷை தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே பாஷை காசு. தேவை என்பது ஒன்று, வாங்கும் சக்தியோடு கூடிய தேவை என்பது வேறொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்பதுதான் குரியன் பாடம்.

அப்படியானால் அந்தக் குழந்தைக்கு முட்டை எப்படிக் கிடைத்தது? சத்துணவுக்கூடத்தில் கிடைத்தது. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்து, 2010-ல் வாரம் ஐந்து என்று ஆனது. சந்தை கொடுக்கவில்லை ஐயா, அரசியல் கொடுத்தது. ஓட்டுக்குப் பயந்தோ, மனசு இரங்கியோ, ஒரு சர்க்கார் கையெழுத்துப் போட்டது. இதை 'இலவசம்' என்று டெல்லியில் உட்கார்ந்து கேலி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். முட்டை இலவசம் என்கிறார்கள். கம்பெனிக்குக் கொடுக்கும் வரிச்சலுகைக்கு மட்டும் 'ஊக்கம்' என்று பெயர். ஏன், குழந்தைக்கு ஊக்கம் வேண்டாமா?

விவிலியத்தில் ஒரு உவமை வரும். திராட்சைத் தோட்டத்துச் சொந்தக்காரர் காலையில் வந்தவனுக்கும், மத்தியானம் வந்தவனுக்கும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்தார். காலையில் வந்தவன் சண்டைக்கு நின்றான். பொருளாதாரப் பாடப்புத்தகத்தின்படி அவன் சொன்னதே சரி. ஆனால் சாயங்காலம் வந்தவன் ஏன் சாயங்காலம் வந்தான்? அவனை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நாள் முழுக்கச் சந்தை முக்கில் நின்றிருக்கிறான். அவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். 2005-ல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தபோது எனக்கு அந்தத் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. ஏரி வேலைக்குப் போகும் கிழவிகளைச் சோம்பேறிகள் என்று திட்டுகிறவர்களைப் பார்க்கும்போதும் அந்தக் காலையில் வந்தவன்தான் ஞாபகம் வருகிறான்.

இதுவரை புகழ்ந்தே வந்தேன். ஒரு இடத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அரசியல் நிர்ணய சபையில் இரண்டு கிறிஸ்தவப் பேராசிரியர்கள் இருந்தார்கள். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் நடத்திய எச்.சி. முகர்ஜி, சபையின் துணைத் தலைவர். இன்னொருவர் சென்னை லயோலா கல்லூரியின் ஜெரோம் டிசூசா அடிகள். எங்கள் சமூகத்துக்கென்று தனித் தொகுதி வேண்டாம், நாங்கள் நாட்டோடு நிற்கிறோம் என்ற வழியில் போனார்கள். 1949-ல் மதச் சிறுபான்மையினருக்கான ஒதுக்கீட்டுத் தொகுதிகள் கைவிடப்பட்டன. பெருந்தன்மைதான். பிரிவினையின் ரத்தம் காயாத நாட்களில் அப்படிச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். ஆனால் அடுத்த வருஷமே, 1950-ல், குடியரசுத் தலைவர் உத்தரவு ஒன்று வந்தது: இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார். 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. தலித் கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. தொகுதியும் பட்டியலும் ஒன்றல்ல, தெரியும். ஆனாலும் கேட்கிறேன்: நாட்டோடு நிற்கிறோம் என்று சொன்னவர்கள் படித்த வீட்டுப் பிள்ளைகள். ஞானஸ்நானம் வாங்கியும் கல்லறைத் தோட்டத்தில்கூடத் தனிச்சுவர் பார்க்கிறவர்களின் கணக்கை அவர்கள் எந்த நோட்டில் எழுதினார்கள்?

அந்த நோட்டைப் பிறகு திறந்தவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு. பறட்டை அண்ணன் என்றால் தென்மாவட்டத்தில் சட்டென்று தெரியும். கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடிய சபைக்குள் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் கொண்டுவந்தவர். அவருடைய பொருளாதாரம் ஒரே ஒரு வார்த்தை: உலை. எல்லோரும் கொண்டுவந்து ஒரே உலையில் போடு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடு. நற்கருணை என்றால் அதுதான் என்றார். கொலம்பியாவும் ஸ்டான்ஃபோர்டும் தேவைப்படவில்லை. நம் ஊரில் மாரியம்மன் பண்டிகைக்குக் கூழ் ஊற்றுகிறவர்களுக்கு இது புரியும். ஆனால் அந்தக் கூழ் வரிசையிலும் யார் முன்னால், யார் பின்னால் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

சரி, மேட்டூருக்குத் திரும்புவோம். ஜூன் 12-ந் தேதி மதகைத் திறந்து பூத்தூவ மந்திரிகள் வருகிறார்கள். டெல்டாவுக்குத் தண்ணீர் போகிறது, போகட்டும். கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாயில் 45,000 ஏக்கர் பாய்கிறது. அணைக்கு மிக அருகில் இருந்தும் சேலம் மாவட்டத்து ஏரிகள் வறண்டே கிடந்தன. எண்பத்தைந்து வருஷத்துக்கு அப்புறம்தான், 565 கோடி ரூபாயில், உபரி நீரை ஏற்றி 100 ஏரிகளை நிரப்பும் திட்டத்துக்கு 2020-ல் அடிக்கல் நட்டார்கள். நல்ல திட்டம். ஆனால் 'உபரி' என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். எல்லோரும் சாப்பிட்டு மீந்தால் உனக்கு! குரியன் இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தையில் ஒரு வகுப்பே எடுத்திருப்பார்.

கதவோரத்து மாணவர்கள் இன்னும் போகவில்லை என்பதைப் பார்க்கிறேன். உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். வாசலில் என் பையில் இருபது நோட்டு இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் கொளத்தூர்ப் பக்கம் போங்கள், பண்ணவாடிக்குப் போங்கள், பரிசலில் நாகமரைக்குப் போங்கள். மீன் பிடிக்கிறவரிடம் கேளுங்கள், ஒரு கிலோவுக்கு உங்களுக்கு என்ன வருகிறது, சேலம் மார்க்கெட்டில் அது என்ன விலை? கிழவர்களிடம் கேளுங்கள், தண்ணீர் வந்தபோது உங்கள் அப்பாருக்கு என்ன கொடுத்தார்கள், அதில் என்ன வாங்க முடிந்தது? வீட்டில் யாருக்குப் பட்டா இருக்கிறது, யாருக்கு இல்லை? எத்தனை பேர் திருப்பூருக்குப் போனார்கள்? குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். ஆம்பிளைகள் பக்கத்தில் இருந்தால் கடன் தொகை குறைந்துவிடும், இது என் அனுபவம்.

முதல் பக்கத்தில் மட்டும் என் அம்மாயியின் களத்துமேட்டை எழுதிவிடுங்கள். அது எத்தனை குழி என்று எனக்குத் தெரியாது, அவர் சொன்னபோது நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பண்ணவாடியில் யாராவது சொல்வார்கள்.